நாலாம் நம்பரின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யாருக்கும் பெயர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பெயரைக் குடையோடு சேர்த்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். பத்து நாற்காலிகள், பத்துப் பெண்கள். உட்காரும் நாற்காலியின் நம்பர்தான் ஆள். லைன் கிடைக்காத கோபத்தில் யாராவது சந்தாதாரர் "நீ யாரும்மா, பேரைச் சொல்லு" என்று எகிறினால், நம்பரைச் சொன்னால் போதும். நான் ஏழு. கோபம் வந்தால் ஏழரை. எனக்குக் கோபம் வராத நாட்கள் குறைவு என்பதால் இரண்டாவது பெயரே நிலைத்துவிட்டது.

நாங்கள் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் போர்டு லாடம் மாதிரி வளைந்திருக்கும். அதனால் எனக்கு நேர் எதிரே நாலு. எட்டு வருடம் அவள் முகத்தைப் பார்த்தபடிதான் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தேன். அவள் கண்ணை உருட்டினால் லைனில் எவனோ வழிகிறான் என்று அர்த்தம். உதட்டைக் கடித்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை. நாங்கள் ஒட்டுக்கேட்பவர்கள் இல்லை. காதில் விழுவதைத் தடுக்க முடியாது, அவ்வளவுதான்.

நாலுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. பிள்ளை அங்கேயே தங்கிப் படித்தாள். யார் யாரையோ யார் யாரோடோ பேச வைக்கிறவளால் சொந்த மகளுக்கு ஒரு போன் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பள்ளியில் போய்ப் பார்க்கலாம். அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அவள் மற்ற ஆறு நாளையும் ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒருத்திக்குத்தான் வேலை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை தனியாக உட்கார்ந்து முழு போர்டையும் பார்க்க வேண்டும். மற்ற ஒன்பது பேருக்கும் விடுமுறை. யார் அந்த ஒருத்தி என்பதை ஒரு பிஸ்கட் டப்பா முடிவு செய்துகொண்டிருந்தது. அதில் பத்துச் சீட்டு; சூப்பர்வைசர் மேடம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எடுத்தது எடுத்ததுதான். இரண்டாம் முறை எடுப்பதும் கிடையாது, ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்வதும் கிடையாது. மாற்றிக்கொள்ள விட்டிருந்த காலத்தில் இரண்டும் எட்டும் ஒருத்தி ஹெட்போனை ஒருத்தி பிடுங்கி எறிந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்துக்கு மட்டும் ஒரு வருடமாக ஞாயிறு விழவில்லை. மேடத்துக்குப் பின்னல் ஊசி நூலெல்லாம் வாங்கிக் கொடுப்பவள் அவள். அவளுடைய சீட்டை எட்டாக மடித்துப் போடுகிறார்கள் என்றாள் மூன்று. இல்லை, போடுவதே இல்லை என்றாள் ஆறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்து சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் டைப்ரைட்டர் ரிப்பேர் பார்ப்பவர். இன்னும் பத்து வருடத்தில் டைப்ரைட்டரை யாரும் தொடமாட்டார்கள் என்று எவனோ அவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டான். மனிதர் மறுவாரமே வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அட்டைப்பெட்டியின் மேல் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் டிவியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் படம். எங்கள் வீட்டில் டிவி பார்ப்பவர் என் மாமியார். அவர் பல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

உள்ளே இருந்தது இவ்வளவுதான்: ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு தட்டையான விசைப்பலகை, இரண்டு வயர், சுருள் கம்பி போட்ட ஒரு கையேடு. திரைக்கு டிவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை, ஞாபகம்கூட இல்லை. அணைத்தால் எல்லாம் போச்சு.

என் வீட்டுக்காரர் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதைத் திறந்தார். உள்ளே அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணே இல்லை என்று சொன்னதுபோல் முகம் தொங்கிவிட்டது. மூடி வைத்தார். பிறகு அதன் அருகில் அவர் போனதெல்லாம் பிளக்கைப் பிடுங்குவதற்குத்தான். அடாப்டர் சூடாகிறது, வீடு பற்றி எரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம்.

கையேட்டை நான் எடுத்தேன். சும்மாதான் எடுத்தேன். போட்டவுடன் பெட்டி "ரெடி" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னச் சதுரத்தைக் கண்சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், படிப்பு என்ன என்று கேட்கவில்லை, நீ போர்டில் உட்காருகிறவளா பொறியாளரா என்று விசாரிக்கவில்லை. முதல் பக்கத்தில், பத்து என்று நம்பர் போட்டு, உன் பெயரை எழுதச் சொல் என்றிருந்தது. நான் 7 என்று எழுதச் சொன்னேன். அடுத்து, இருபது என்று நம்பர் போட்டு, மறுபடி பத்துக்குப் போ என்று சொல் என்றிருந்தது. சொன்னேன். ரன் என்றேன். திரை முழுக்க ஏழு ஏழாகக் கொட்ட ஆரம்பித்தது.

"நிறுத்தச் சொல்லும்மா, தலை சுத்துது" என்றார் மாமியார்.

"நிறுத்துன்னு நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாது, அத்தை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படி விளக்குவது? கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்த முதல் ஜீவன் அது.

எனக்குப் பிடித்துப்போன இன்னொன்று, வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று இடம் விட்டு நம்பர் போடுவது. ஏதாவது மறந்துபோனால் இருபத்தைந்து என்று நடுவில் செருகிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தவர் மறதிக்காரர்களோடு வாழ்ந்தவர் என்று அன்றே தெரிந்துகொண்டேன். மூன்று வாரத்தில் நாற்பதாம் பக்கம் வரை வந்துவிட்டேன். அங்கேதான் அந்த வரி இருந்தது: கண்ணுக்குத் தெரியாத பகடை ஒன்றை உருட்டி, ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும் வரி.

எனக்கு உடனே பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை உருட்டச் சொல்லி எழுதினேன். எழுதவேண்டியது நாலே வரி. நான் பதினாலு வரி எழுதினேன். மிச்சமெல்லாம் நட்சத்திரம் மினுக்குவதும், பீப் பீப் என்று கூவுவதும், "ஞாயிறு யாருக்கு?" என்று கேட்பதும். அன்று மாலை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நம்பர். நாலு, பத்து, இரண்டு, எட்டு என்று எல்லாரும் வந்தார்கள். யாருக்கும் சலுகை இல்லை. கேசட்டில் பதிந்து, மேலே "நீதி" என்று பேனாவால் எழுதி வைத்தேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் எடுத்துச் சொன்னேன். மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டப்பா மேல சந்தேகமா, என் மேல சந்தேகமா?"

"டப்பா மேலதான், மேடம்."

"சரி, அப்ப ஒரு நிபந்தனை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தடவைதான் எடுக்கணும். பிடிக்கலைன்னு திரும்ப எடுக்கற வேலையே கூடாது."

ஹெட்போனின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். முதல் ஆளாகக் கைதட்டியவள் நாலு. "இனிமே யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதுல்ல" என்றாள்.

முதல் வியாழன் வந்தது. டிவியை மாமியாரிடமிருந்து கெஞ்சி வாங்கி, பெட்டியைச் சொருகி, கேசட்டைப் போட்டேன். அது ஐந்து நிமிடம் வீல் வீலென்று கத்திவிட்டு உள்ளே ஏறியது. ரன் என்றேன். நட்சத்திரம், பீப், பிறகு 4.

"அடடா, உனக்கே வந்திடுச்சே" என்று மறுநாள் எல்லாரும் நாலுக்காக உச்சுக்கொட்டினோம். அவளும் சிரித்தாள். யாருக்காவது வரத்தானே வேண்டும் என்றாள்.

இரண்டாம் வியாழன். 4.

மூன்றாம் வியாழன் ரன் என்று அடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூடின கண்ணின் ஓரமாகப் பார்த்தேன். 4. இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கக் கை துடித்தது. ஆனால் சத்தியம் செய்தவளாயிற்றே. என் வீட்டுக்காரர் வழக்கம்போல வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனார். மாமியார் தன் நிகழ்ச்சியைப் போட்டுக்கொண்டார்.

மற்ற எட்டுப் பேரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெட்டியின் நேர்மையை அவர்கள் புகழ்ந்த மாதிரி நானே புகழ்ந்ததில்லை. "மெஷினுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாதுல்ல" என்றாள் ஆறு. "விஞ்ஞானம்னா விஞ்ஞானம்தான்" என்றாள் மூன்று. வாரா வாரம் ஞாயிறு வீட்டில் இருந்தால் எனக்கும் விஞ்ஞானத்தின் மேல் அப்படி ஒரு பக்தி வந்திருக்கும். எனக்கும் ஞாயிறு வீட்டில்தானே கழிந்தது? பக்தியும் வந்தது என்பதுதான் உண்மை.

மூன்றாம் தடவைதான் நாலு வாயைத் திறந்தாள். எல்லாரும் கேட்கும்படிக் கேட்டாள். "உன் பொட்டிக்குள்ள என் நம்பரை எத்தனை தடவை எழுதி வச்சிருக்கே?"

"என்னடி பேசறே?"

"கேட்கக் கூடாதா? பத்தாம் நம்பர் சீட்டை மடிக்கறாங்கன்னு நீ கேட்டேல்ல? அது மாதிரிதான் நானும் கேட்கறேன்."

எனக்கு ஏழரை ஏறிவிட்டது. "அது உருட்டறது. நானா உருட்டறேன்? அது யாரு கிட்டயும் வளையாது. உனக்குப் புரியலைன்னா சும்மா இரு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. புரியவில்லை என்றால் சும்மா இரு என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் கையேட்டின் முதல் பக்கத்தையே தாண்டியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. நேருக்கு நேர் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று போர்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அவளிடமிருந்து ஒரு லைன் வேண்டுமென்றால் "நான்காம் இருக்கை, இணைப்பு தரவும்" என்பேன். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்பாள், ஏதோ நான் வெளியூர் சந்தாதாரர் மாதிரி. காக்க வைப்பாள். நானும் அடுத்த முறை காக்க வைப்பேன். இதில் மாட்டிக்கொண்டு ஊரில் பாதிப் பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நாலாவது வியாழனும் 4. அதை வெள்ளிக்கிழமை நான் வாயால் சொல்லவில்லை. தாளில் எழுதி மேடம் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.  ஞாயிறன்று நாலு வந்து உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் போர்டின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மகள் அனுப்பிய படம். பள்ளிக்கூட வாசல், ஒரு பெஞ்ச், பெஞ்சில் ஒரு சின்னப் பெண். பெஞ்சின் மறுபாதி காலி. அந்தக் காலி இடத்தில் வரிசையாக நாலு கோடு. எதுவும் எழுதவில்லை. வேறு எதுவும் எழுத வேண்டிய தேவையும் இல்லை.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து லாடத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். "வர்ற ஞாயிறு அவ பிறந்த நாள்தானே?"

"பதினொண்ணு முடியுது" என்றாள் நாலு, போர்டைப் பார்த்தபடியே. "போன வருஷம் கேட்டா, என் வயசு பெருசாகப் பெருசாக நீ வர்றது குறையுமான்னு. விரலாலதான் கேட்டா. நான் குறையாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நாளன்னிக்கு என்கூட வீட்டுக்கு வா. நீயே பாரு. நான் ஏமாத்தியிருந்தா அந்தப் பொட்டியை உன் கண் முன்னால கிணத்துல போடறேன்."

"எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் கத்துக்கிட்டேன். லைன் கொடுக்கத் தெரிஞ்சவளுக்கு இது வரும்."

வியாழக்கிழமை வேலை முடிந்து இருவரும் வந்தபோது ஆறு மணி இருக்கும். மாமியார் டிவி முன்னால் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எத்தனை வாரமா வருது? நாலு வாரமாவா? இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னை முறைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எழுந்து போகவில்லை. இவ்வளவு நல்ல நிகழ்ச்சி டிவியில் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கேசட் கத்தி முடித்தது. நான் ரன் அடிக்கப் போனேன்.

"இரு" என்றாள் நாலு. "உள்ள என்ன எழுதியிருக்கேன்னு முதல்ல காட்டு."

பதினாலு வரியையும் திரையில் வரவழைத்தேன். அவள் டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணாடியில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டாள். நட்சத்திர வரி எதற்கு என்று அவள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "அழகுக்கு" என்றேன். ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மேலே படித்தாள். இருபது என்று நம்பர் போட்ட வரியில் விரல் நின்றது.

"இதுதான் உருட்டறதா?"

"அதேதான்."

"என் நம்பர் எங்கயும் இல்லை" என்றாள். அவள் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை. "சரி, போடு."

நட்சத்திரம். பீப் பீப். 4.

மாமியார், "அடிப்பாவி" என்றார், பெட்டியைப் பார்த்து. நாலு எழுந்து சேலையைச் சரிசெய்தாள். கண் நிறைந்துவிட்டது. "பரவாயில்லை விடு. நீ ஏமாத்தலைன்னு தெரிஞ்சுது, அது போதும். எனக்குத்தான் ராசியில்லை" என்று செருப்பைத் தேடினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தியமாவது மண்ணாவது என்று மறுபடி ரன் அடித்தேன். 10. மறுபடி அடித்தேன். 2. மறுபடி, 8. "பாரு, பாரு, மத்தவங்களும் வர்றாங்க பாரு! இது ஒழுங்காத்தான் உருட்டுது!"

செருப்பில் ஒரு காலை விட்டபடி நாலு நின்றாள். எட்டு வருடம் பழுதுகளோடு குடித்தனம் நடத்தியவள் அவள். லைன் அறுகிறது என்று யாராவது புகார் செய்தால், எப்போது அறுகிறது, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பாள். இப்போதும் அதையேதான் கேட்டாள்.

"அப்ப முதல் தடவை மட்டும் ஏன் எப்பவும் நான்?"

நான் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். அவள் விடவில்லை.

"போன வாரம் எடுத்ததுக்கும் இந்த வாரம் எடுத்ததுக்கும் நடுவுல இதை என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே. இவர் பிளக்கைப் பிடுங்கினாரு. அவ்வளவுதான்."

கதவோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "சூடாகுதேன்னு..." என்று இழுத்தார்.

"இப்பவும் பிடுங்குங்கண்ணா" என்றாள் நாலு. வெளியூர் அழைப்புகளைக் குறிக்கும் பழக்கத்தில் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்புறம் 4, 10, 2, 8 என்று எழுதிக்கொண்டாள்.

அவர் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் காரியத்துக்கு அவரை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், முகமெல்லாம் பிரகாசம். மறுபடி சொருகினோம். கேசட் மறுபடி ஐந்து நிமிடம் கத்தியது. 

4. அவள் டிக்கெட்டில் டிக் போட்டாள். 10. டிக். 2. டிக். 8.

"இது உருட்டலைடி" என்றாள் நாலு மெதுவாக. "இது ஒப்பிக்குது."

அப்படித்தான் இருந்தது. எழுந்தவுடன் ஒரே பாடத்தை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கிற பிள்ளை அது. அந்தப் பாடத்தின் முதல் வார்த்தை நாலு. நான் எழுதிய அன்று மாலை முழுக்க அணைக்காமல் ஓட்டிப் பார்த்ததால் பாடம் நீளமாக, புதிது புதிதாகத் தெரிந்தது. பிறகு வாரா வாரம் பிளக்கைப் பிடுங்கினார் என் வீட்டுக்காரர். வாரா வாரம் ஒரே தடவைதான் எடுப்பேன் என்று சத்தியத்தைக் காப்பாற்றினேன் நான். கொஞ்சம் குறைவான உத்தமியாக இருந்திருந்தால் இரண்டாம் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சுடுடி" என்றேன். "உனக்குப் புரியாதுன்னு சொன்னேன். எனக்குத்தான் புரியலை."

"அழுதுக்கிட்டு உட்காராதே. மணியாகுது. இதை எப்படி உருட்ட வைக்கறது?"

இருவரும் கையேட்டை மடியில் போட்டுக்கொண்டு தேடினோம். இதற்கென்றே ஒரு சொல் எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது என்பதை நான் அடுத்த வருடம்தான் படித்தேன். அன்றைக்கு நாற்பதாம் பக்கத்துக்கு மேல் போகத் துணிச்சல் இல்லை. முப்பத்திரண்டாம் பக்கத்தில் நாலின் விரல் நின்றது. யாராவது விசையை அழுத்தினார்களா இல்லையா என்று பார்க்கச் சொல்லும் வரி அது.

"இருபதுல உருட்டுது. முப்பதுல காட்டுது. நடுவுல இடம் இருக்குல்ல?"

"இருபத்தஞ்சு."

"அங்க இப்படிச் சொல்லு. இன்னும் யாரும் அழுத்தலைன்னா திரும்ப இருபதுக்கே போ. நாம கை வைக்கிற வரைக்கும் அது ஒப்பிச்சுக்கிட்டே கிடக்கட்டும். நாம எந்த இடத்துல நிறுத்துவோம்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது."

நான் அவளைப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு முன் படிக்கத் தெரியாது என்றவள். "நீயே அடி" என்றேன். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். பெட்டி இரண்டு முறை தப்பு என்றது. மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் சதுரத்தைச் சிமிட்டியது. அவள் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்ததுதான். எனக்கும் முதல் நாள் வந்தது அது.

"இன்னொரு வரியும் போட்டுடலாம்" என்றேன். "நாலு வந்தா எடுத்துக்காதே, இன்னொண்ணு உருட்டுன்னு. உனக்கு நாலு வாரம் பாக்கி இருக்கு. அதுலயும் இந்த வாரம்..."

"வேண்டாம்."

"ஏன்டி?"

"எல்லாரையும் கேட்காம போட்டா, பத்தாம் நம்பர் சீட்டை மடிச்ச கதைதான். நாளைக்குக் கேட்டுட்டு அடுத்த வாரத்துலேருந்து போடலாம். இந்த வாரம் வர்றது வரட்டும்."

எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. பிள்ளையின் பிறந்த நாளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நியாயமா? ஆனால் அவள் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

ரன் என்று அடித்தேன். நட்சத்திரம் மினுக்கி முடிந்து திரை சும்மா இருந்தது. உள்ளே அது உருட்டிக்கொண்டே இருந்தது. நாலு ஒற்றை விரலை ஒரு விசைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.  மாமியார் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் பிளக்கின் பக்கம் நகர்ந்தார், "அங்கயே நில்லுங்க!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினோம். அந்தச் சத்தத்தில் அவள் விரல் பட்டுவிட்டது.

பீப் பீப்.

7.

நான்தான் முதலில் குதித்தேன். நாலைக் கட்டிக்கொண்டேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், நானும் அழுதேன். அழுகை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே மாமியார் கேட்டார்: "ஏம்மா, ஏழு நீதானே? அப்ப ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வீட்டுக்குப் போறதா இருந்தோமே, அது?"

"பொட்டி சொல்லிடுச்சு, அத்தை. நான் என்ன பண்ண?" என்றேன். நாத்தனார் வீட்டுக்குப் போகாமல் இருக்க இதைவிட நேர்மையான காரணம் எனக்கு அமைந்ததில்லை.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் நாலே எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினாள், பஸ் டிக்கெட்டைக் காட்டி. மேடம் அந்த டிக்கெட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். விஞ்ஞானத்தைப் புகழ்ந்த எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வயரைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு வாரத்துக்கு நாலை விட்டுவிடலாமா என்று மேடம் கேட்டபோது யாரும் நிமிரவில்லை. ஆனால் பத்துக் கைகள் மேலே போயின. அதில் ஒன்று மேடத்துடையது, ஒன்று என்னுடையது. நாலு மட்டும் கை தூக்கவில்லை. இனி வாரம் ஒருத்தி வந்து விசையை அழுத்துவது என்றும் முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் நாலு பேர் பிறகு கையேட்டைக் கடன் கேட்டார்கள். பத்து அதைத் திருப்பியே தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போய் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலி காலி. பார்க்கவே நன்றாக இருந்தது. மூன்றரை மணிக்கு வெளியூர் லைனில் ஒரு விளக்கு எரிந்தது.

"ஏழரை?" நாலின் குரல். பின்னால் பிள்ளைகளின் சத்தம். "பள்ளிக்கூட ஆபீஸ்லேருந்து பேசறேன். ஒருத்தி உனக்கு ஏதோ சொல்லணுமாம்."

போன் கை மாறுகிற சத்தம். மூச்சுச் சத்தம். பிறகு வாய்க்குழலில் விரலால் தட்டும் சத்தம். டக், டக், டக். எண்ணினேன். ஏழு.

நாலு சிரித்துக்கொண்டே மறுபடி வந்தாள். "அடுத்த வாரமும் நீதானாம். அவளே முடிவு பண்ணிட்டா."

"அவ காதுகிட்ட வேண்டாம்" என்றேன். "போனோட கேக்கற பக்கத்தை அவ உள்ளங்கையில வச்சு அழுத்து. நல்லா அழுத்திப் பிடிக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"வச்சுப் பாரேன்."

போர்டில் சாவி என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. மேலே தள்ளிக் கீழே விட்டால், மறுமுனையில் போனே கையில் துள்ளும்படி "டொக்" என்று இடிக்கும். தெரியாமல் தட்டிவிட்டு நாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.  ஐந்தாவதில் அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூச்சல் கேட்டது, வார்த்தை இல்லாமல், சந்தோஷமாக. அதற்குள் போர்டில் ஏழெட்டு விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. ஊரே காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கட்டும் என்று, வயதுக்கு ஒன்றாகப் பதினொன்றையும் தட்டி முடித்தேன்.

பன்னிரண்டு தட்டினேன் என்று மகள் சொன்னதாக நாலு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இல்லை, நான் எண்ணித்தான் தட்டினேன்.